நாலாவது துண்டு

பெரிய மருமகளுக்கு வயிறு எரிந்தது. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே எரிந்தது.

மாமனாரின் போட்டோ ஸ்டூடியோவில் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டரில் பட ஃபைல்களுக்குப் பெயர் வைப்பது அவள்தான். பள்ளி அடையாள அட்டைக்குப் படம் எடுத்து வந்தால் பெயர், வகுப்பு, எண் என்று நடுவில் கோடு போட்டு ஒவ்வொன்றாகத் தட்டுவாள். "பெரியவளே, அந்தப் படம் எங்கம்மா?" என்று மாமனார் குரல் கொடுத்தால் அடுத்த நொடி எடுத்துக் காட்டுவாள். இப்போது அவர் வாயில் எந்நேரமும் "சின்னவளே"தான். கொழுந்தன் அவளைக் கட்டிக்கொண்டு வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

அன்று பள்ளியிலிருந்து புது உத்தரவு வந்தது. இனி ஃபைல் பெயரில் வகுப்பு முதலில், எண் அடுத்து, குழந்தையின் பெயர் கடைசியில். மொத்தம் ஆயிரத்து முந்நூறு படங்கள்.

"ரெண்டு வாரம் ஆகும் மாமா," என்றாள் பெரியவள்.

"எதுக்குக்கா? கோடு வர்ற இடத்துல பேரை வெட்டி, துண்டுகளை மாத்தி அடுக்கச் சொன்னா கம்ப்யூட்டரே மொத்தமா பண்ணிடும். பத்து நிமிஷ வேலை," என்றாள் சின்னவள்.

மாமனார் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். தன்னிடம் அவர் அப்படிச் சிரித்ததாகப் பெரியவளுக்கு நினைவில்லை. அடுத்த மாதம் திறக்கப்போகும் புதுக் கடையை எந்த மருமகள் பொறுப்பில் விடுவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. கடை கைநழுவிப் போய்விட்டது என்று அந்தச் சிரிப்பிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சின்னவள் மாற்றுவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "அக்கா, எல்லாப் பேர்லயும் மூணு துண்டுதானே? வேற மாதிரி ஏதாவது இருக்கா?"

இருந்தது. படத்தில் கண் மூடியிருக்கும் குழந்தைகளை மறுபடி எடுத்தால், அந்த ஃபைலின் முன்னால் 'கண்' என்று ஒரு துண்டைச் சேர்த்துவிடுவது பெரியவளின் பழக்கம். வேறு யாருக்கும் அது தெரியாது. அந்த நாலு துண்டுப் பெயர்களை மூன்றென்று நினைத்து வெட்டினால் எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும்.

"மூணுதான்," என்றாள் பெரியவள்.

ஃபைல் பெயரை வைத்துத்தான் அட்டை அச்சாகும். மறுவாரம் நாற்பத்தோரு குழந்தைகள் 'கண்' என்ற பெயரில் அட்டை வாங்கினார்கள். வகுப்பு இருக்க வேண்டிய இடத்தில் பிள்ளையின் பெயர் இருந்தது. "நீங்க எடுத்தது போட்டோவா, கண் பரிசோதனையா?" என்று தலைமையாசிரியர் போனில் காய்ச்சி எடுத்துவிட்டார்.

மாமனார் சின்னவள் மேல் பாய்ந்தார். "பெரியவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டியா, இல்லியா?"

சின்னவள் பெரியவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"கேக்கல மாமா. தப்பு என்னோடதுதான்."

"அனுபவம்னா சும்மாவா? புதுக் கடையைப் பெரியவளே பாத்துக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

ஆசைப்பட்டது கைக்கு வந்தும் பெரியவளுக்கு அதில் ருசியில்லை. கெட்டுப்போன பெயர்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்த சின்னவளிடம் போய் நின்றாள். "ஏன்டி அப்படிச் சொன்னே?"

"நான் வந்ததுலேர்ந்து மாமா உங்களக் கூப்பிடுறதே இல்லக்கா. நான் உங்க இடத்துல இருந்தா எனக்கும் கோவம் வந்திருக்கும்," என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கெட்டிக்காரியாக இருந்தது போதாதென்று நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று பெரியவளுக்கு ஆத்திரமாக வந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். மாமனாரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாசல்வரை நடந்தாள்.

வாசலில் நின்றுவிட்டாள். சொன்னால் அவர் யாரை மெச்சுவார் என்று அவளுக்குத் தெரியும். வாயை இறுக மூடிக்கொண்டு, புதுக் கடைக்கு வேண்டிய சாமான்களை எடுத்து வைக்கப் போனாள்.