உப்ப வைத்த கரி

காலை பத்து மணிக்கு என் புல்டோசரின் தகடு செம்மண்ணைக் கிளறியது. அனல்மின் நிலையத்தில் கரிக் குவியலுக்கு அடியில் மண் தெரிந்தால், கரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நேற்று மாலைதான் வானொலியில் அறிவித்தார்கள்: கரிக் கப்பல் வர மூன்று நாளாகும், அதுவரைக்கும் கரி இருக்கிறது, யாரும் பயப்பட வேண்டாம். நாடே இந்தக் கரியை நம்பித்தான் விளக்கேற்றுகிறது. காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் என்று இருபது வருஷமாகப் பேசியவர்கள் வாய்ப்பந்தல் போட்டதோடு சரி.

அந்த மூன்று நாளில் இரண்டு நாள் வெறும் காற்று. உண்டாக்கியவன் நான். போன வாரம் அதிகாரிகள் அளக்க வருவதற்கு முந்தின நாள், இறுகிக் கிடந்த குவியலைப் புரட்டிப் போட்டு உப்ப வைத்தேன். தளர்ந்த கரி இடத்தை அடைக்கும், அளவில் கூடுதலாகக் காட்டும். இருப்பு குறைவதை மறைக்க வருஷா வருஷம் செய்வதுதான். கப்பல் சொன்ன நாளில் வந்தவரை யாருக்கும் தெரியவில்லை. இன்ஜினியர் முதுகில் தட்டிக்கொடுத்தபோது எனக்குப் பெருமை வேறு, வெட்கங்கெட்டவன்.

அவரிடம் ஓடினேன். மண் தெரிவதைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அறிவிச்சாச்சுய்யா. இப்பப் போய் இல்லேன்னா என்னைத் தொலைச்சுடுவாங்க. மண்ணோட சேத்துத் தள்ளு."

"கொதிகலன் அணைஞ்சுடும் சார்."

"அணையறப்ப பாத்துக்கலாம்."

என் தங்கை மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்த பச்சைக் குழந்தை. நாலு நாளாக ஆஸ்பத்திரியில் மூச்சு இயந்திரத்தில் இருக்கிறான். அவள் புருஷனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, ஆஸ்பத்திரி ஜெனரேட்டர்ல டீசல் இருக்கா?"

"ஏன் மச்சான் பதறுறீங்க? மூணு நாள் கரண்ட் இருக்குன்னதும் அதை ஆம்புலன்சுக்கு ஊத்திட்டாங்க. பங்க்ல சொட்டு டீசல் இல்ல, அதுவும் கப்பல்லதானே வரணும்."

"திரும்ப எடுக்கச் சொல்லுங்க! இங்க கரி தீந்துடுச்சு!"

"வானொலியில சொன்னது பொய்யின்னா சொல்றது? யார் நம்புவா?"

"யார் காலையாவது பிடிங்க மாப்ள, போங்க!"

நான் மறுபடி வண்டியில் ஏறினேன். சுவரோரம், மூலை முடுக்கு, ஒன்றையும் விடாமல் சுரண்டினேன். கூட இருந்தவர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள், ஒருவன் வெறும் கையாலேயே அள்ளினான். ஒன்றரை மணிக்குப் புகைபோக்கியில் புகை நின்றது. கரி கொண்டுபோகும் பெல்ட்டும் நின்றது.

உடனே போன். தங்கை.

"அண்ணா, மெஷின் நின்னுடுச்சு. டீசலுக்கு அவர் கெஞ்சினதை யாரும் நம்பல. நர்சு கையால பையை அமுக்கி காத்து குடுக்குறாங்க. வார்டுல இன்னும் ஆறு குழந்தைங்க இருக்கு. கரண்ட் எப்பண்ணா வரும்?"

"கப்பல் வந்தாத்தாம்மா." அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. கரியை உப்ப வைத்தவன் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சீக்கிரம் வாண்ணா," என்றாள். "பையை அமுக்கக் கை போதல."