பொதுவில் விட்ட நடை

அப்பா செத்த பிறகு, அவர் கட்டிய வீட்டை அண்ணனும் தங்கையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். முன்கட்டு அண்ணனுக்கு, பின்கட்டு தங்கைக்கு. இடையில் ஓடும் நீள நடையை மட்டும் யார் பெயருக்கும் எழுதாமல் பொதுவில் விட்டார்கள். பத்திரம் பதிவான மறுநாளே அந்த நடையில் செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அப்பாவின் செருப்புதான். ஒரு கால் லேசாக இழுக்கும்.

தங்கைக்குப் பயத்தைவிட வருத்தம்தான் அதிகம். சத்தம் அவள் வாசற்படிவரை வரும், ஒரு செருமல் கேட்கும், திரும்பிப் போய்விடும். அப்பா சர்வேயராக இருந்தவர். வெறும் தரிசானாலும் உரியவனைக் கேட்காமல் எல்லைக் கல்லைத் தாண்டிக் கால் வைக்க மாட்டார். பெற்ற மகனுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அவன் அறைக்கு வெளியே நின்று செருமிவிட்டுத்தான் பேசுவார். அப்படிப்பட்டவருக்கு இப்போது இரண்டு கட்டும் அடுத்தவர் சொத்து. மிஞ்சியது நடைதான்.

“உள்ள வாங்கப்பா” என்று கதவை விரியத் திறந்துவைத்துக் கூப்பிட்டுப் பார்த்தாள். மசிகிற வழியாக இல்லை. செத்தும் வீம்பு போகாத மனுஷன்!

அண்ணனிடம் சொன்னால் அவன் சிரித்தான். “எலி ஓடுதும்மா. அதுக்கு அப்பா பேரு வெச்சுட்டியா? பேசாம நடைய நடுவுல சுவர் வெச்சுப் பிரிச்சுக்கலாம். என் பொண்ணுக்கு ஒரு ரூம் ஆச்சு. உனக்குத்தான் சந்துப் பக்கம் வழி இருக்கே. ஒரு கையெழுத்து போடு, போதும்.”

இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தாள். பிறகு அவளுக்கே ஒன்று தோன்றியது. நடையே இல்லாமல் போனால் அப்பா எங்கே போவார்? மகளிடம்தானே வந்தாக வேண்டும்? அந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டாள். கொத்தனார் சுவர் எழுப்பிப் பூசி முடிப்பதற்குள் கட்டிலை நகர்த்தி, அப்பாவுக்கென்று ஒரு சாய்வு நாற்காலியும் வாங்கிப் போட்டுவிட்டாள்.

நாற்காலி காலியாகவே கிடந்தது. செருப்புச் சத்தமும் இல்லை, செருமலும் இல்லை. வீடு வெறிச்சோடிப்போனது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம், கடைக்குப் போகச் சந்து வழியாகத் தெருவுக்கு வந்தாள். ஈ காக்கை இல்லை. ஆனால் தேங்கிய தண்ணீரில் சளக் சளக்கென்று செருப்பு நடந்தது. ஒரு கால் இழுத்தது. வீட்டு முகப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போனது, திரும்பி வந்தது. தெரு யார் பேரிலும் இல்லை. அங்கே நடக்க யாரிடமும் கேட்க வேண்டாம்.

“அப்பா!” என்று குடையை நீட்டிக்கொண்டு ஓடினாள். ஒரு செருமல் கேட்டது. செருப்பு விலகி நடந்தது.

அப்போதுதான் பார்த்தாள். முன்கட்டு வாசல் விரியத் திறந்து கிடந்தது. தொப்பலாக நனைந்து படியில் நின்றிருந்தான் அண்ணன்.

“நானும் தினம் கூப்பிடறேன்மா” என்றான். “வர மாட்டேங்கிறாரு.”