காதுக்குப் பின்னால

எங்க பியூட்டி பார்லர்ல ஒரு நாற்காலி இருக்கு. பெடலை மிதிச்சா மேல ஏறும். ஏறினப்புறம் என் கால் தரையில படாது. கழுத்தைச் சுத்தித் துணியைக் கட்டிட்டா கை ரெண்டும் உள்ளேயே மாட்டிக்கும். எத்தனையோ வருஷம் அடுத்தவங்களை அதுல உட்கார வச்சவ நான். இப்போ மாசாமாசம் என் மக என்னை உட்கார வச்சு, தலைக்கு டை அடிக்கிறா.

அடிச்ச மறுநாள் கண்ணு திறக்க முடியாம வீங்கிடும். தலையெல்லாம் எறும்பு ஊரும். சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமே வந்திருக்கு. "மாத்திரை போட்டுக்கோம்மா, சரியாயிடும்"பா. பார்லர்க்காரியே நரைச்சுப்போய் நின்னா எவ வருவான்னு அவளுக்குக் கவலை. எனக்கு அறுபத்திமூணு வயசு. நரைக்காம பின்ன பூவா பூக்கும்?

அன்னிக்குப் போட்டோக்காரர் வர்றதா இருந்துச்சு. வாசல்ல புது போர்டு வைக்கப் போறோம், அதுல நானும் அவளும் சிரிச்சுக்கிட்டு நிக்கணுமாம். கறுப்புத் தலையோட என் மூஞ்சி அங்க ஏறிட்டா, அந்த மூஞ்சிக்கு ஏத்த மாதிரி சாகுற வரைக்கும் பூசிக்கணுமே!

எங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. டை போட யார் வந்தாலும் முந்தின நாளே வரச் சொல்லி, காதுக்குப் பின்னால ஒரு பொட்டு தடவிப் பார்ப்போம். சிவந்துடுச்சுன்னா காலைப் பிடிச்சுக் கெஞ்சினாலும் போட மாட்டோம். அது நான் வச்ச சட்டம். அவளுக்கும் நான்தான் சொல்லிக்குடுத்தேன்.

என்னை நாற்காலியில ஏத்தித் துணியைக் கட்டிட்டு, மக கிண்ணத்துல டையைக் கலக்கிட்டு வந்தா.

"எனக்குக் காதுக்குப் பின்னால தடவிப் பார்த்தியாடி?"

"அது கஸ்டமருக்கும்மா. நீ என்ன வெளியாளா?"

அடிப்பாவி! வெளியாளுக்கு இருக்கிற காது பெத்தவளுக்கு இல்லையா?

"வேணாம்டி. போட்டா எரியுது. நான் வெள்ளையாவே இருந்துட்டுப் போறேன். எனக்கு அதுதான் சந்தோஷம்."

"இன்னிக்கு மட்டும்மா. எனக்காக."

இந்த 'எனக்காக' இருக்கே, கழுத்துத் துணியை விட இறுக்கம். அவங்கப்பா இருந்தவரைக்கும் அவருக்காக, இப்போ இவளுக்காக. எனக்கு ஆத்திரமா வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.

போட்டோக்காரர் வழி கேட்டு போன் பண்ணார். கிண்ணத்தை வச்சுட்டு அவ வாசலுக்குப் போனா. துணிக்குள்ளேயே கையை மேல கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தேன். எதிர்ப் பலகையில முடி வெட்டுற மெஷின் கிடந்துச்சு. நெத்தியில வச்சு உச்சி வரைக்கும் ஒரே இழுப்பு. கறுப்பெல்லாம் மடியில விழுந்துச்சு. அடியில பளிச்சுனு வெள்ளை. மக திரும்பி வந்தா.

"ஐயோ! என்னம்மா பண்ணித் தொலைச்சே? வயசானவ மாதிரி இருக்கேம்மா!"

"ஆயிடுச்சுடி. எத்தனை தடவை சொல்றது?"

அவ ஓன்னு அழுதா. நான் அசையல.

"அழுதது போதும். பாதியில நிக்குது பாரு, மிச்சத்தையும் நீயே எடுத்து விடு."

மூக்கை உறிஞ்சிக்கிட்டு மெஷினை வாங்கினா. பக்கவாட்டுல எடுக்கறதுக்குக் காதை மடக்கினவ, அப்படியே நின்னுட்டா. பின்னாடி தோல் உரிஞ்சு, காய்ஞ்சு கிடந்தது என் விரலுக்குத் தெரியும், கண்ணாடியில நான் பார்த்ததே இல்லை. அவ விரல் அதைத் தொட்டுச்சு.

"இது எப்பலேருந்தும்மா?"

"நீ தடவிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவ பெடலை மிதிச்சா. நாற்காலி மெல்ல இறங்குச்சு, என் கால் தரையில பட்டுச்சு.