ஒரு துண்டு இடம்பெயர்ந்து

1

ஒரு சொல்லால் வந்த வினை இந்தக் கதை. அந்தச் சொல்லை ஒரு வைத்தியர் சொல்லக் கேட்டேன். மிச்சமெல்லாம் என் இட்டுக்கட்டல்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘1991இல் ஒருநாள், கடல் அமைதியாக…’ வேண்டாம். ஞானாம்பிகை கடலைக் கண்டே ஒரு வருடமாகிறது.

2

ஞானாம்பிகை கடலோர மயிலிட்டிக்காரி. போரில் ஷெல்லடி தொடங்கியபோது, மீன்பிடி வள்ளத்தை விட்டு வரமாட்டேன் என்று கணவன் தம்பிஐயா அடம்பிடித்தார். அவள்தான் குடும்பத்தை மருதனார்மடத்துக்கு இழுத்து வந்தாள். இப்போது சின்ன மகள் மீனாம்பிகைக்குத் தாடை வீங்கியிருக்கிறது. பல்வலி அல்ல, புற்றுநோய்.

வைத்தியர் நமசிவாயம் நல்ல மனிதர். விளக்காமல் மருந்து கொடுக்க மாட்டார், அதுதான் கோளாறு.

“உடம்பைக் காக்கிற கலங்களிலைதான் இந்தப் புற்றுநோய் வருத்தம், அம்மா. எட்டாம் நிறமூர்த்தத்தின்ரை துண்டொண்டு இடம்பெயர்ந்து, பதினாலாவதிலை போய் ஒட்டியிட்டுது.”

[கலம்: உடம்பைக் கட்டியெழுப்பும் நுண்ணிய உயிரணு. நிறமூர்த்தம்: கலத்துக்குள் பரம்பரைச் செய்தியைச் சுமக்கும் இழை. இந்த அடைப்புக்குறி உங்களுக்கு, அவளுக்குக் கிடைக்கவில்லை.]

“இடம்பெயர்ந்ததாலையோ, ஐயா?”

“ஓம், அதாலைதான்.”

[அந்தத் துண்டிலிருக்கும் பரம்பரையலகு, அதாவது மரபணு, கெட்டதல்ல. கலம் எப்போது பெருகவேண்டும் என்று அளவோடு சொல்லிக்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்த இடத்திலோ, நோயெதிர்ப்புப் பொருள் செய்யும் அலகு ஓயாமல் வேலை செய்கிறது. அந்த அயல் இதையும் ஓயவிடாது. சந்தைச் சந்தியில் குடியேறியவனுக்கு நித்திரை ஏது? கலம் பெருகிக்கொண்டே போகிறது.]

3

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே ஞானாம்பிகை மகளின் சட்டைகளை மூட்டையாகக் கட்டினாள்.

“ஊசி வேண்டாம், ஐயா. நாங்கள் மயிலிட்டிக்குப் போறம். இடம்பெயர்ந்து வந்த வருத்தம், திரும்பிப் போனால் மாறும்தானே?”

மயிலிட்டியில் ஆமி முகாம். வழியெல்லாம் கண்ணிவெடி. ஊசி போட்டால் வீக்கம் வற்றும். போடாவிட்டால் பிள்ளை தாங்காது.

“இடம்பெயர்ந்தது துண்டு, அம்மா. நீங்கள் இல்லை.”

“நாங்களும் பெயர்ந்தனாங்கள்தானே. நான்தானே இழுத்துக்கொண்டு வந்தனான்.”

பாவம், இவளுக்கு இவ்வளவு பிடிவாதத்தை நான் கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் குடும்பமே தப்பியிராது.

4

ஒரு முடிவு: கட்டிலின் மறுபக்கம் நிற்கும் தம்பிஐயா சொல்கிறார், “நீ இழுத்துக்கொண்டு வந்தபடியாலைதான் பிள்ளை இண்டைக்கு உயிரோடை இருக்கு.” ஒரு வருடமாக விட்டுவந்த வள்ளத்தைச் சொல்லிச் சொல்லியே அவளைக் குத்திய மனிதர். நான் சொல்லவைத்தால் நம்புவீர்களா?

இன்னொரு முடிவு: அவள் மூட்டையோடு வாசலைத் தாண்டி… இல்லை. என்னால் எழுத முடியாது.

‘இடம்பெயர்ந்து’ என்பதற்கு நமசிவாயம் வேறு சொல் தேடுகிறார். அவருக்கும் கிடைக்கவில்லை, எனக்கும் கிடைக்கவில்லை. இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான் இருக்கிறது.

தம்பிஐயா வாயைத் திறக்கிறார். என்ன சொல்லவேண்டும் என்று நீங்களே அவருக்குச் சொல்லிக் கொடுங்கள். கெதியாகச் சொல்லுங்கள், நேரமில்லை, ஊசி ஏறவேண்டிய அந்தச் சின்னக் கையை அவள் இன்னும் பொத்திப் பிடித்திருக்கிறாள்.