வலது கால் பீரோ

ஆம்பூரில் ரயிலடியை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் ரோஸ் சேம்பிள் அறைக்குப் பொறுப்பாளராக இருந்தாள். வயது முப்பத்தாறு. வேலூரிலிருந்து தினமும் காலைப் பாசஞ்சரில் வந்து இறங்குவாள். கான்வென்ட்டில் படித்த இங்கிலீஷ் சரளமாக வரும் என்பதால் வெளிநாட்டுக் கடிதங்களும் அவள் மேஜைக்கே வந்தன.

எண்பத்து மூன்றில்தான் கம்பெனி சேம்பிள்களை விமானத்தில் அனுப்ப ஆரம்பித்தது. அதற்கு முன் கப்பலில் போய்ச் சேர ஒன்றரை மாதம் பிடிக்கும். அதற்குள் அங்கே பருவம் மாறி, இந்த மாடல் இனி வேண்டாம் என்று கடிதம் வந்துவிடும். இப்போதோ திங்கட்கிழமை ஆம்பூரில் தைத்த ஷூ வெள்ளிக்கிழமை ஜெர்மனியில் வியாபாரியின் மேஜைமேல் இருந்தது. மீனம்பாக்கத்துக்கு வாரம் ஒரு பெட்டி போயிற்று. ஆறே மாதத்தில் தையல் மெஷின்கள் இரண்டு மடங்காயின.

பெட்டியில் இடது கால் ஷூவை மட்டும்தான் வைப்பார்கள். ஜோடியாகப் போனால் வழியில் யாராவது எடுத்துவிடுவார்கள், ஒற்றை ஷூவை எவனும் தொடமாட்டான் என்பது முதலாளி நயீம் அகமதுவின் கணக்கு. வலது கால் ஷூ சீட்டுக் கட்டி சேம்பிள் அறை பீரோவுக்குள் போகும். தையலை மாற்று, குதியை உயர்த்து என்று கடிதம் வந்தால் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். பீரோவின் சாவி ரோஸின் கைப்பையில் இருந்தது. வேறு சாவி கிடையாது.

அந்த நவம்பரில் ஒரு நாள், சேம்பிள் தைக்கும் பச்சையப்பன் பீரோவிலிருந்து ஒரு ஷூவை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஒடுகத்தூர்க்காரன், நிதானமான ஆள்.

"ரோஸம்மா, இத யாரு போட்டு நடந்தது?"

விரல் மடங்கும் இடத்தில் தோல் சுருங்கியிருந்தது. குதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. உள்ளே ஐந்து விரல்களின் தடமும் பதிந்திருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் அவன் கையால் துடைத்து வைத்த புது ஷூ அது.

யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று ரோஸ் கோபப்பட்டாள். பூட்டை மாற்றினாள். ஆனால் அடுத்த ஷூவும் அப்படியே ஆயிற்று, அதற்கடுத்ததும். இடது கால் விமானமேறி ஒரு வாரம் ஆனதும், பீரோவில் இருக்கும் வலது கால் தேயத் தொடங்கியது. ஜனவரியில் ஒரு காலை பீரோவைத் திறந்தால் ஒரு ஷூ சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஆம்பூரில் மழை பெய்து மாதமாகியிருந்தது. தொட்டபோது விரல் மரத்துப்போகும் அளவுக்குச் சில்லிட்டது. ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

நயீம் அகமது அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தோலுக்கு உப்பு போட்ற தோல்ஷாப்பு இருக்குற ஊர்ல உப்புக்கு இன்னாம்மா கொறச்சல்? யாரோ பேஜார் பண்றானுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வெளிய சொல்லாத, ரோஸ். ஆர்டர் வந்துனு இருக்கு" என்றார்.

அதன்பின் பச்சையப்பன் அந்த பீரோவைத் திறப்பதே இல்லை. வேண்டியதை ரோஸ் எடுத்துக் கொடுப்பாள்.

பிப்ரவரியில் ஜெர்மன் வியாபாரி நேரில் வந்தார். வரவேற்க ரோஸ் காரில் மீனம்பாக்கம் போனாள். அவருடன் ஒரு பெண்ணும் இறங்கினாள். நாற்பது வயதிருக்கும், பெயர் இங்கிரிட், அவர் அலுவலகத்தில் வேலை செய்பவள். கக்கத்தில் இரண்டு கட்டைகளை ஊன்றி வந்தாள். நீளப் பாவாடைக்குக் கீழே ஒரே ஒரு கால்தான் தெரிந்தது. அந்த இடது காலில் பச்சையப்பன் தைத்த கருஞ்சிவப்பு ஷூ இருந்தது.

ரோஸ் கைப்பைக்குள் கைவிட்டு பீரோ சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

இரண்டு நாள் அவர்களுக்கு மாமல்லபுரமும் வேலூர்க் கோட்டையும் சுற்றிக்காட்டினார்கள். மூன்றாம் நாள் ஆம்பூர். வியாபாரி முதலாளியோடு மெஷின் ஹாலுக்குப் போனார். இங்கிரிட் சேம்பிள் அறையைப் பார்க்க வேண்டும் என்றாள். கட்டைகளை ஊன்றி மெதுவாக மாடியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் இங்கிலீஷில் பேசினாள்.

"உங்கள் ஒற்றை ஷூக்களை எங்கள் ஆபீசில் குப்பையில் போடுவார்கள். அளவு எனக்குச் சரியாக இருந்ததால் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒன்பது வருஷத்துக்கு முன் டிராம் சக்கரம் ஏறி இந்தக் கால் போனது. போன காலில் அத்தனை வருஷமும் வலி. உங்கள் ஷூவைப் போட ஆரம்பித்ததிலிருந்து வலி நின்றுவிட்டது. அந்தக் கால் நடக்கிறது. அடியில் தரை வெதுவெதுப்பாகத் தெரிகிறது. சில நாள் தையல் மெஷினின் அதிர்வு கூடத் தெரியும்."

"குளிர் காலத்திலுமா?" ரோஸ் கேட்டாள். கேட்டது தன் குரல்தானா என்றிருந்தது.

"பனியில் நடந்தால் இரண்டு காலும் நனையும். எங்கள் ஊரில் பனி உருக ரோட்டில் உப்புப் போடுவார்கள்." இங்கிரிட் அவளை உற்றுப் பார்த்தாள். "ஏன் கேட்கிறீர்கள்? உங்கள் விமான நிலையத்தில் இறங்கியதிலிருந்து அந்தக் கால் என்னிடம் இல்லை. எனக்கு முன்னால் எங்கோ போய்விட்டது மாதிரி இருக்கிறது."

ரோஸ் பையிலிருந்து சாவியை எடுத்து பீரோவைத் திறந்தாள்.

வரிசையாக இருந்த வலது கால் ஷூக்களை இங்கிரிட் நெடுநேரம் பார்த்தாள். கருஞ்சிவப்பு ஷூவை எடுத்து உள்ளே கைவிட்டவள், சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு திரும்பவும் கையை விட்டாள். "சூடாக இருக்கிறது" என்றாள். கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

அவள் எழுந்து, அந்த ஷூவைத் தரையில் தன் இடது காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூலையில் தைத்துக்கொண்டிருந்த பச்சையப்பன் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, யாரோ பாரம் வைத்து ஊன்றியதுபோல அந்தக் காலி ஷூவின் விரல் மடிப்பு மெல்ல ஆழமாயிற்று. இங்கிரிட் வலது கக்கத்துக் கட்டையை எடுத்து ரோஸிடம் நீட்டினாள். ரோஸ் வாங்கிக்கொண்டாள். மற்றதையும் நீட்டினாள். அவள் விழுந்துவிடுவாள் என்று ரோஸ் இரண்டு கையையும் முன்னால் கொண்டுபோனாள். அவள் விழவில்லை. நிமிர்ந்து, தோள் இரண்டும் சமமாக நின்றாள். கீழே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

படிக்கட்டில் முதலாளியின் குரல் கேட்டது. இங்கிரிட் சட்டென்று கட்டைகளை வாங்கிக்கொண்டாள்.

"இதை எடுத்துப் போகிறீர்களா?" ரோஸ் ரகசியமாகக் கேட்டாள்.

இங்கிரிட் யோசித்தாள். "வேண்டாம். இது இங்கே இருந்ததால்தான் வலி நின்றது. அங்கே வந்தால் மறுபடி வலிக்குமோ என்னவோ."

அவள் விமானமேறிப் போனாள். மார்ச்சில் நான்கு மாடல்கள் போயின. பீரோவில் அவற்றின் வலது கால்கள் வைத்தது வைத்தபடி புதிதாகவே இருந்தன. ஒரு மடிப்பு விழவில்லை. முதலாளி நிம்மதியாக மூச்சுவிட்டார். ரோஸுக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. ஏன் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரலில் மெட்ராஸ் பெரியமேடு ஆபீசிலிருந்து டிரங்க் கால் வந்தது. அங்கே வந்திருந்த டெலக்ஸை கிளார்க் படித்தான். "ரோஸ் மேடம், உங்க பேருக்குத்தான் வந்திருக்குது. ஒண்ணும் புரியல. 'நான் வந்து சேர்ந்து இரண்டு மாதம். கால் இன்னும் வரவில்லை. வலியும் இல்லை. அது அங்கே இருக்கிறதா?' இவ்ளோதான் போட்டிருக்காங்க. இன்னா பதில் அனுப்பட்டும்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று ரோஸ் போனை வைத்தாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் மாடியேறி வந்தபோது, பச்சையப்பன் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

"ரோஸம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. ரெண்டு மாசமா கேக்கணும்னு இருக்கேன். நீங்க படி ஏறும்போது மூணு காலு சத்தம் கேக்குது."

ரோஸ் அவன் எதிரில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் அவளுக்குப் பின்னால் கடைசிப் படியில் ஒரு அடி விழுந்தது. இருவரும் அதைக் கேட்டார்கள்.

"தெரியும் பச்சையப்பன்," என்றாள். "ரயிலடி வரைக்கும் வருது. ரயில் ஏறாது. காலைல நான் எறங்கறப்போ பிளாட்பாரத்துல நிக்குது."

"பயமா இல்லியா?"

"மொதல்ல ஒரு வாரம் சோறு எறங்கல."

அவன் கீழே வைத்த வேலையைத் திரும்பக் கையில் எடுத்தான். ரோஸ் பெரியமேட்டுக்கு டிரங்க் கால் பதிவு செய்தாள். நாலரை மணிக்கு லைன் கிடைத்தது. எழுதிக்கொள்ளச் சொல்லி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "இங்கேதான் இருக்கிறது. நன்றாக நடக்கிறது. கவலைப்பட வேண்டாம்." கிளார்க் இரண்டு தரம் திருப்பிக் கேட்டான். அதே வார்த்தைகளைத்தான் அவள் இரண்டு தரமும் சொன்னாள்.

சாயங்காலம் சங்கு ஊதியதும் கம்பெனி வாசலில் கூட்டம் நெரிந்தது. ரோஸ் கூட்டம் கலையும்வரை நின்றாள். பிறகு வலது தோளில் மாட்டியிருந்த பையை இடது பக்கத்துக்கு மாற்றிக்கொண்டு, வலது பக்கத்தில் இடம் விட்டு, ரயிலடியைப் பார்த்து அவசரமில்லாமல் நடந்தாள்.