மரம் போட்ட தகடு

பாஸ்டர் கண்களை மூடிக்கொண்டு ஜெபத்தை நீட்டி முழக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, ஆர்லோ கிழவன் சவப்பெட்டிக்குள் ஒரு நம்பர் பிளேட்டைச் செருகினான். அது நேராக உள்ளே போகவில்லை. செத்தவரின் கோட்டுக் கையில் மாட்டிக்கொண்டது. மூட்டையை நகர்த்துகிற மாதிரி வெர்னனின் முழங்கையைத் தூக்கி, இடுக்கில் தகட்டைத் தள்ளி, முழங்கையைத் திரும்ப இறக்கிவிட்டான். தகரம் பெட்டி ஓரத்தில் உரசிக் கிறீச்சிட்டது. பாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த நோரீன் கண்ணையே மூடவில்லை. செத்துப்போனவர் அவளுடைய அப்பா. ஆனால் அவள் ஆரிகனிலிருந்து இரண்டு விமானம் மாறி இந்த நெப்ராஸ்கா குளிருக்கு வந்தது அழுவதற்காக அல்ல. அவளுடைய கறுப்புக் கோட்டுப் பையில் ஒரு திருப்புளி இருந்தது. வழியில் நின்று புதிதாக வாங்கியது. உட்கார்ந்தால் இடுப்பில் குத்தியது, குத்தட்டும் என்று விட்டிருந்தாள். அப்பாவின் கொட்டகைச் சுவரில் அவளுடைய முதல் காரின் நம்பர் பிளேட் எங்கேயோ தொங்கிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். வேறு எந்த ஜோலியும் அவளுக்கு இங்கே இல்லை.

சர்ச் நிலவறையில் சாப்பாடு. பன்றித் தொடை இறைச்சி வைத்த பன், பாலாடைக்கட்டி போட்ட உருளைக்கிழங்கு, கேரட் துருவல் மிதக்கும் பச்சை ஜெல்லி. யார் செத்தாலும் இந்த ஊரில் இதே ஜெல்லிதான். ஆர்லோ தட்டை நிரப்பிக்கொண்டு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"தகடு சேக்குற நம்ம சங்கத்து வழக்கம்மா இது. யாரு போனாலும் அவன் பொறந்த வருஷத்துத் தகடு ஒன்னு கூடவே போகணும்."

"யாரு குடுத்தது?"

"என்னது?"

"தகடு. உங்க சங்கத்துல யாரு குடுத்தீங்கன்னு கேக்குறேன்."

கிழவன் உருளைக்கிழங்கைக் கிளறினான். "எல்லார்கிட்டயும் அந்த வருஷம் இருக்குது. ஆனா அது வரிசையில மாட்டியிருக்குதே, எடுத்தா நடுவுல ஓட்டை விழுந்துரும். அதான் காலையில உங்க கொட்டகைக்குப் போயி, உங்கப்பா உபரிப் பெட்டியில கெடந்த ஒன்ன எடுத்தாந்தேன். அவரு சாமான் அவரோடயே போகட்டுமே."

நோரீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேஜைப் பெண்கள் துக்கத்தில் விம்முகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவக் கிளம்பினார்கள். ஆயுள் முழுக்க ஒன்றாகச் சுற்றியவன்கள்! ஒரே லாரியில் ஏறி, மாநிலம் மாநிலமாகக் காயலான் கடை நாற்றத்தை முகர்ந்தவன்கள். செத்தவனுக்கு ஒரு தகரத்தைக் கொடுக்க ஒருத்தனுக்கும் மனசு வரவில்லை. அதுவும் மூலை மடங்கிய தகரம்.

அப்பா மட்டும் என்ன, இவர்கள் நடுவில் வானத்திலிருந்தா குதித்தார்? கோடை விடுமுறை என்றால் மற்ற பிள்ளைகள் ஏரிக்குப் போவார்கள். நோரீனும் தம்பி லைலும் லாரியின் பின் சீட்டில் வெந்துகொண்டு கிடப்பார்கள். அப்பா யாரோ ஒரு குடியானவனின் இற்றுப்போன காரின் பின்னால் மண்டியிட்டு, துரு ஏறிய போல்ட்டில் எண்ணெய் விட்டு, பொண்டாட்டியிடம்கூடப் பேசாத குழைவோடு அதைக் கழற்றிக்கொண்டிருப்பார். அவள் ஏழாம் வகுப்பில் பரிசு வாங்கிய அன்றும் விதைக் கம்பெனியின் பழைய இரும்பு போர்டு ஒன்றைப் பார்க்கப் போய்விட்டார். அந்த போர்டு இன்னமும் கொட்டகை வாசலில் தொங்குகிறது. பரிசு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

ஒரே ஒரு முறை அவர் அவளைக் கை நீட்டி அடித்ததும் தகரத்துக்காகத்தான். முயல் கூண்டுக்குக் கதவு வேண்டுமென்று ஒரு தகட்டில் ஆணி அடித்துவிட்டாள். "தகட்டுல புதுசா ஓட்டை போடுறவ மனுஷியா?" என்று கத்தினார். பிறகு உட்கார்த்தி வைத்துப் பாடம் நடத்தினார். உபரியாகக் கிடப்பதை ஆணியடித்துக் கோழிக்கூண்டுக்குக் கூரை போடலாம், எலி வளையை அடைக்கலாம், தப்பில்லை. ஆனால் நல்ல தகடு என்றால் அதற்கென்று இருக்கும் ஓட்டையில்தான் திருகாணி போட வேண்டும். பின்னால் ரப்பர் வாஷர் கொடுக்க வேண்டும், சுவரின் ஈரம் ஏறாமல் இருக்க. முன்னாலும் ஒரு வாஷர், பெயிண்ட் நசுங்காமல் இருக்க. கன்னம் எரிந்துகொண்டிருக்க அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பது வயதில் வீட்டை விட்டுப் போனாள். ஆரிகனில் உணவு விடுதியில் தட்டு கழுவிச் சேர்த்து ஒரு ஓட்டைக் கார் வாங்கினாள். அது ஓடாய்த் தேய்ந்து விழுந்தபோது அதன் பிளேட்டைக் கழற்றி அப்பாவுக்குத் தபாலில் அனுப்பினாள். மலையும் நடுவில் ஒரு பச்சை மரமும் போட்ட தகடு. கடிதம் எதுவும் வைக்கவில்லை. அவருக்குப் புரிகிற பாஷை இது ஒன்றுதானே, இதிலாவது பேசிப் பார்ப்போம் என்று தோன்றியது. பதிலுக்கு ஒரு பொட்டலம் வந்தது. செய்தித்தாளில் சுற்றிய ஒரு நெப்ராஸ்கா தகடு. அதிலும் ஒரு வரி இல்லை. முகம் தெரியாத எவனாவது ஒரு தகடு அனுப்பினால் பதிலுக்கு ஒன்று அனுப்பிக் கணக்கைத் தீர்ப்பார்களே, அதே மாதிரி. மகளோடு பண்டமாற்று! நோரீன் அதைச் செய்தித்தாளோடு குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் கிறிஸ்துமஸ் தொலைபேசியில் வானிலை பற்றித்தான்.

இப்போது லைல் எல்லாவற்றையும் சங்கத்துக்கே விற்பதாக வாக்குக் கொடுத்துவிட்டான். சனிக்கிழமை லாரி வருகிறதாம். தன் வியர்வையில் வாங்கிய காரின் தகடு, அயோவாவில் எவனோ ஒரு குடிகாரனின் ஷெட்டில் பீர் போர்டுக்குப் பக்கத்தில் தொங்குவதா? அது மட்டும் நடக்காது.

கல்லறைத் தோட்டத்திலிருந்து கூட்டம் வீட்டுக்கு வந்தது. ஆண்கள் துக்கம் விசாரிக்கிற சாக்கில் நேராகக் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, கண்ணால் சுவரை மேய்ந்தார்கள். தரையிலிருந்து கூரை வரை மாநிலம் மாநிலமாக, வருஷம் வருஷமாகத் தகடுகள். இடையிடையே எண்ணெய் போர்டு, புகையிலை போர்டு, குண்டு துளைத்த சாலைப் பலகைகள். ஒவ்வொன்றின் பின்னாலும் ரப்பர் வாஷர். மனுஷன் பிள்ளைகளின் பல்லுக்குக் கம்பி போடக் காசில்லை என்றவர், இதற்கு வாஷர் வாங்கியே சொத்தை அழித்திருக்கிறார்.

நோரீன் ஆரிகன் வரிசையைக் கண்டுபிடித்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள். நீலம், மஞ்சள், மறுபடி நீலம். கடைசியில் மரம் போட்டது ஒன்று இருந்தது. கை திருப்புளிக்குப் போனது. எண்ணைப் பார்த்தாள். அவளுடையது அல்ல. வேறு எவனுடையதோ.

சுற்றுமுற்றும் தேடினாள். உபரிப் பெட்டிகளைக் கவிழ்த்தாள். கையுறை கறுத்துப்போனது.

"என்னக்கா தேடுற?" லைல் வந்து நின்றான்.

"நான் அனுப்புன பிளேட்டு. மரம் போட்டது."

"அதோ இருக்குதே மேல."

"அது என்னுது இல்லடா. என் நம்பர் எனக்குத் தெரியாதா?"

ஆர்லோ காதைத் தீட்டிக்கொண்டு வந்தான். "மரம் போட்டதா? அது தெருவுக்குத் தெரு கெடக்குற சரக்கும்மா. அதுலயும் நல்லா பளபளன்னு இருக்குறதத்தான் உங்கப்பா மாட்டியிருக்காரு. அந்த ஆளு கண்ணுல தரம்தான் முக்கியம்."

"ஆமா, தரம். பெட்டிக்குள்ள வச்சீங்களே, அந்தத் தரம்."

ஆர்லோ தொப்பியைப் போட்டுக்கொண்டு நகர்ந்தான். லைல் தலையைச் சொறிந்தான். "விடேன்க்கா. ஒரு தகரத்துக்குப் போயி..."

"அதத்தான்டா நானும் நாப்பது வருஷமா சொல்றேன்."

கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் காற்று முகத்தில் அறைந்தது. அவளுக்கு அவமானமாக இருந்தது. அப்பாவை நினைத்து அல்ல, தன்னை நினைத்து. திருப்புளி வாங்கிக்கொண்டு வந்தாளே, அந்தப் பைத்தியக்காரத்தனத்தை நினைத்து. அந்தச் சுவரில் தனக்கு ஒரு ஆணி இருக்கும் என்று இத்தனை வருஷம் உள்ளுக்குள் நம்பிக்கொண்டு திரிந்திருக்கிறாள். முகம் தெரியாதவனின் தகடு பளபளவென்று இருந்தால் அவனுக்கு இடம் உண்டு. மகளுக்கு இல்லை. நல்ல மனுஷன்.

சொல்லிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று வீட்டுக்குள் போனாள். அம்மா டோரிஸ் பின்னறையில் இருந்தாள். முன்பு துணி துவைக்கிற அறையாக இருந்தது. அப்பாவின் இதயம் தகராறு பண்ணி, மாடி ஏற முடியாமல் போன பிறகு மெஷின்களை வெளியே தள்ளிவிட்டு ஒற்றைக் கட்டில் போட்டிருந்தார்கள். அவர் செத்ததும் அதில்தான். அம்மா விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள்.

"கெளம்பிட்டியா? ஜெல்லி கட்டித் தரட்டுமா?"

"வேண்டாம்மா."

"எனக்கும் வேண்டாம். யாரு திங்கிறது அந்தக் கண்றாவிய?" அம்மா தலையணை உறையைக் கழற்றினாள். "இன்னைலேருந்து நான் இங்கதான் படுக்கணும். எனக்கும் முட்டி போச்சு. செத்தும் எனக்கு இந்தப் பொந்தத்தான் விட்டுட்டுப் போயிருக்காரு."

நோரீன் கட்டிலின் தலைமாட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையணைக்கு ஒரு சாண் மேலே, மலை. மலைக்கு நடுவில் பச்சை மரம். இருபுறமும் அவளுக்கு மனப்பாடமான எண்.

"அது எப்ப..."

"எது? ஓ, அதுவா. துணி காய வைக்கிற மெஷினோட கொழா போன ஓட்டை. மெஷின எடுத்ததும் அது வழியா ஐஸ் மாதிரி காத்து. லைல் பலகை அடிக்கிறேன்னான். இவரு கேக்கல. நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுக் கட்டில் மேல ஏறி நின்னு தானே மாட்டுனாரு."

நோரீன் வாய்விட்டுச் சிரித்தாள். கசந்து போன சிரிப்பு. "பாத்தியாம்மா. நான் அனுப்பினதுல எலி வளைய அடைச்சிருக்காரு. கோழிக்கூண்டுதான் பாக்கி."

"ஓட்டைக்கு ஏதோ ஒன்னு வேணும்ல. அந்த மனுஷனுக்கு வேற என்ன தெரியும்? தகடு வந்தா பதிலுக்குத் தகடு. காத்து வந்தாலும் தகடு." அம்மா விரிப்பைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். "வேணும்னா கழட்டிக்க. போறப்ப கொட்டகையிலேருந்து வேற ஒன்ன எடுத்தாந்து அடிச்சிட்டுப் போ. ஆயிரம் கெடக்குதே." அழுக்குத் துணியோடு வெளியே போனாள்.

நோரீன் கட்டில் மேல் மண்டியிட்டாள். மெத்தையில் ஒரு பக்கம் குழிந்து கிடந்தது, அந்தப் பக்கம் முட்டி படாமல் தள்ளி மண்டியிட்டாள். திருப்புளியை எடுத்தாள். ஆணியாக இருந்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டும், தகடு கிழியும், கிழிந்தாலும் சரி என்று நினைத்தபடி குனிந்து பார்த்தாள்.

ஆணி இல்லை. தகட்டில் புதிதாக ஒரு ஓட்டைகூட இல்லை. அதற்கென்று இருந்த நாலு ஓட்டையிலும் நாலு திருகாணி. ஒவ்வொன்றின் தலைக்கடியிலும் கறுப்பு ரப்பர் வாஷர். விரல் நகத்தை ஓரத்தில் விட்டுப் பார்த்தாள். பின்னாலும் வாஷர் இருந்தது. அதற்கும் பின்னால் குளிர் புகாமல் கம்பளித் துணியை மடித்துக் கொடுத்திருந்தார். மரம் அறைக்குள் பார்த்தபடி இருந்தது, படுத்திருப்பவன் தலையைத் திருப்பினால் தெரிகிற மாதிரி.

முதல் திருகாணி சுலபமாகக் கழன்றது. இரண்டாவதும் கழன்றது. தகடு ஒரு பக்கம் தளர்ந்தது, கம்பளித் துணி நழுவியது, அந்த இடுக்கு வழியே பிப்ரவரிக் காற்று சீறிக்கொண்டு வந்து அவள் மணிக்கட்டில் பட்டது. உறை இல்லாத தலையணை மேல் அந்தக் காற்று நேராக விழுந்தது. அவள் உள்ளங்கையால் இடுக்கைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே கொட்டகைப் பக்கம் ஆண்கள் எதற்கோ சத்தமாகச் சிரித்தார்கள்.

அம்மா சுத்தமான விரிப்போடு திரும்பி வந்தபோது நோரீன் கட்டில் மேல்தான் இருந்தாள். கழற்றிய இரண்டாவது திருகாணியைத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தாள். ரப்பர் பிதுங்காத அளவுக்கு, பாதிச் சுற்று குறைவாக நிறுத்தினாள்.

"எடுக்கலியா?"

"இல்ல."

"ஏன்?"

"காத்து வருது," என்றாள் நோரீன். கீழே இறங்கி, விரிப்பின் மறுமுனையைப் பிடித்தாள்.