இறக்கையின் எடை

இலை எடை போடும் தராசு ஆறு கிலோ இருநூறு என்று காட்டியது. லிங்கசாமி முதலில் எண்ணைப் பார்த்தார், பிறகு தராசின் மேல் உட்கார்ந்திருந்த சாமானைப் பார்த்தார். மலைமேல் இத்தலார் ஊர்ப் பக்கம் அந்த டீ ஃபேக்டரியில் அவர் சூப்பர்வைசராகச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அந்தத் தராசில் பச்சை இலை மூட்டையைத் தவிர வேறெதுவும் ஏறி அவர் பார்த்ததில்லை. இன்று ஏறியிருப்பது ரேஸ் கார் இறக்கை. இரு பக்கமும் செங்குத்தாக நிற்கும் தகடுகளுக்கு நடுவே மூன்று பலகைகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சாய்ந்து நிற்கின்றன. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும் மகள் சுவாதி ஒரு வருடமாகச் சோறு தண்ணி மறந்து செய்தது. விமானத்தின் இறக்கை மேலே தூக்கும், இது தலைகீழ், காற்றை மேலே தள்ளிவிட்டுக் காரை ரோட்டோடு வைத்து அழுத்தும், அப்போதுதான் வளைவில் டயர் வழுக்காது என்று அவள் விளக்கியிருந்தாள்.

"ஐயா, காத்தையா நிறுக்கப் போறீங்க?" என்றார் வாட்ச்மேன் சுடலை.

"அப்படித்தான்னு வெச்சுக்கோ" என்றார் லிங்கசாமி. அவருக்கே அது பாதிதான் விளங்கியிருந்தது.

இந்த வருடம் வந்திருக்கும் புது ஃபார்முலா ஒன் கார்களை சுவாதி போனில் காட்டியிருந்தாள். முன்பு ஓடியவற்றைவிட ஒல்லி, நீளமும் குறைவு. முன்னாலும் பின்னாலும் இருக்கும் இறக்கைகள் நேர்ரோட்டில் தட்டையாகப் படுத்துக்கொள்கின்றன, வளைவு வந்ததும் எழுந்து நிற்கின்றன. ரேஸ் என்றாலே முகம் சுளிக்கும் லிங்கசாமியே இரண்டு முறை கேட்டு வாங்கிப் பார்த்தார். அதைப் பார்த்த கண்ணால் மகளின் இறக்கையைப் பார்த்தால் மனசு சப்பென்று ஆகிவிடுகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள், அவருக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. பழைய பங்களாவின் ஜன்னல் கதவைக் கழற்றி வைத்த மாதிரி இருந்தது. காலேஜ் ரேஸ் டீமில் அதற்குப் பெயரே ஜன்னல் கதவுதான். டீம் லீடர் யுவன் புது கார்களைப் பார்த்து மெல்லிசாக, பார்த்தவுடன் கையால் தடவத் தோன்றும்படி ஒன்றை வரைந்து வைத்திருந்தான். எல்லோருக்கும் அதுதான் பிடித்திருந்தது. நிஜக் காற்றில் வைத்துத் தன்னுடையது அழுத்துகிறது என்று சுவாதி திங்கட்கிழமைக்குள் காட்டினால் உண்டு, இல்லாவிட்டால் யுவனுடையது காரில் ஏறும். இன்று ஞாயிறு.

நிஜக் காற்றுக்கு எங்கே போவது என்று அவள் வீட்டில் புலம்பியபோது, "எங்க ட்ரஃப்ல இல்லாத காத்தா?" என்று வாய் விட்டது லிங்கசாமிதான். பறித்து வந்த இலையை ட்ரஃப் என்கிற நீளமான தொட்டியில், கம்பி வலைமேல் பரப்பி, ஒரு முனையில் ஆள் உயர ஃபேனை ஓடவிட்டு வாட்டுவார்கள். வலைக்கு அடியில் காற்று ஓடும். மேனேஜர் பரமசிவனிடம் கெஞ்சி மதியம் இரண்டு மணி நேரம் வாங்கியாயிற்று. வலையைக் கழற்றி, தொட்டியின் மேல் கண்ணாடி மாதிரியான பாலிதீன் ஷீட்டை இழுத்துக் கட்டி, கடைசி முனையை மட்டும் திறந்துவிட்டார்கள். உள்ளே தராசு, தராசின் மேல் இறக்கை. இறக்கை முழுக்கச் சுவாதி கம்பளி நூலை விரல் நீளத்துக்கு நறுக்கி ஒட்டியிருந்தாள். காற்று ஒழுங்காகப் போனால் நூல் படிந்து கிடக்கும், இல்லையென்றால் துடிக்கும்.

துடித்தது. லிங்கசாமி ஸ்விட்சைப் போட்டதும் நூல்கள் பேய் பிடித்தவை போல் ஆடின. இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் வேறு மாதிரி. தராசு ஆறே முக்கால் என்றது, ஐந்தரை என்றது, மறுபடி ஆறு. சுவாதி உள்ளே நுழைந்து பலகைகளின் சாய்வை மாற்றினாள். மறுபடி ஓட்டினார்கள். அதே கூத்து. நாலு முறை மாற்றியாயிற்று. ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

லிங்கசாமி ஸ்விட்ச் பேனல் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு விஷயத்தைத் தனக்குள் மறைக்கப் பார்த்தார். உள்ளுக்குள் ஒரு மூலையில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. இந்த இறக்கைக்காகத்தான் அவள் போன மாதம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகாமல் விட்டாள். வீட்டில் மனைவி சுசீலா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இது இன்றோடு ஊத்திக்கொண்டால் பெண் தானாகவே அடுத்த இன்டர்வியூவுக்குப் போவாள், யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. அப்படி நினைத்துக்கொண்டே நிமிர்ந்தவர், பாலிதீனுக்கு அப்பால் மகளைப் பார்த்தார். அவள் அழவில்லை. பிய்ந்து தொங்கிய ஒரு நூலை எடுத்து, எச்சில் தொட்டு, மறுபடி அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தாள். இனிமேல் அது எதற்கும் ஆகாது என்று தெரிந்தும் ஒட்டிக்கொண்டிருந்தாள். லிங்கசாமிக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. பெற்ற அப்பன் நினைக்கிற நினைப்பா இது.

"போதுங்கப்பா. ஊட்டுக்குப் போலாம்" என்றாள் சுவாதி, வெளியே வந்து.

"இன்னொரு வாட்டி ஓட்டிப் பாத்துருவோம் சாமி. இன்னும் அரை மணி நேரம் இருக்குதல்ல."

"எத்தனவாட்டி ஓட்டுனாலும் இதேதானுங்கப்பா வரும்."

"எனக்காக ஒரே ஒரு வாட்டி."

அவள் தோளைக் குலுக்கினாள். அவர் பேனலுக்குப் போய் பிடியைத் திருகினார்.

ஃபேனின் சத்தம் வேறு மாதிரி கேட்டதும்தான் அவருக்கு உறைத்தது. வாட்டும் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கொஞ்ச நேரம் காற்றை ஊதவிட்டு நிறுத்தினால், அடுத்து அதே பிடியை எதிர்ப்பக்கம் திருப்பிப் போடுவார்கள். ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றிக் காற்றை உறிஞ்சும். அப்போதுதான் மேல் இலையும் கீழ் இலையும் ஒன்றுபோல வாடும். மதியம் முழுக்க யோசித்து யோசித்து ஊதும் பக்கமே போட்டவர், மனசு மகளிடம் இருந்த நேரத்தில் கையைத் தன் போக்கில் விட்டுவிட்டார். இருபத்திரண்டு வருடத்துக் கை அதன் வேலையைப் பார்த்துவிட்டது.

"அடடா, தப்பாப் போட்டுட்டேன், இரு" என்று பிடியை நோக்கிக் கை நீட்டினார்.

"நிறுத்தாதீங்க!"

சுவாதி பாலிதீனின் மேல் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். உள்ளே இறக்கைக்குப் பின்பக்கத்திலிருந்து காற்று வந்தது, நூல்களெல்லாம் தலைகீழாகத் திரும்பியிருந்தன. ஆனால் ஒன்றுகூடத் துடிக்கவில்லை. எண்ணெய் வைத்துச் சீவிய தலைமுடி மாதிரி ஒரே பக்கமாகப் படிந்து கிடந்தன.

"அப்பா, இறக்கை தப்பில்லீங்கப்பா. காத்துதான் தப்பு. ஊதும்போது ஃபேன் காத்த முறுக்கி முறுக்கி அனுப்பியிருக்குது. உறிஞ்சுறப்ப நேரா வருது பாருங்க. எனக்கு இது தோணவே இல்லையே!" சொல்லும்போதே அவள் குரல் ஏறியது. "திருப்பி வெக்கணும். சுடலை அண்ணா, வாங்க, ஒரு கை புடிங்க!"

ஃபேனை நிறுத்தி, இறக்கையைத் திருப்பி, திறந்த முனையைப் பார்க்க வைத்தார்கள். அதே பக்கம் மறுபடி போட்டார் லிங்கசாமி, இந்த முறை தெரிந்தே. நூல்கள் மூன்று பலகைகளின் மேலும் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. தராசு ஆறு இருநூறிலிருந்து நகர்ந்தது. ஆறரை. ஆறு எண்ணூறு. ஏழு கிலோ நூறில் போய் நின்றது. கடைசி இலக்கம் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

சுடலைதான் கேட்டார், "ஒரு கிலோவுக்கும் கொறச்சலா இருக்கே, இதுக்கா இவ்வளவு பாடு?"

"இது சும்மா மெதுவான காத்துங்கண்ணா. கார் இதவிட மூணு மடங்கு வேகமாப் போகும். அப்ப ஒம்பது மடங்கு அழுத்தும்." சொல்லிவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள்.

லிங்கசாமியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி என்று சொல்ல வாயெடுத்தார். வந்தது வேறு.

"இது தோத்துப் போனா நல்லதுன்னு ஒரு நிமிசம் நெனச்சேன் சாமி."

"தெரியுமுங்கப்பா."

"எப்படித் தெரியும்?"

"உங்க மூஞ்சியில எதுதான் ஒளியும்?" என்றாள். அதில் கோபம் இல்லை. "அப்புறம் இன்னொரு வாட்டி ஓட்டலாம்னு நீங்கதான் சொன்னீங்க. அதுவும் மூஞ்சியில இருந்துச்சு."

இனி நாளைக்கு டீம் என்ன சொல்லும், யுவன் ஒத்துக்கொள்வானா, ஜன்னல் கதவு நிஜமாகவே காரில் ஏறுமா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. சுசீலாவிடம் என்ன சொல்வது என்பதும் தெரியாது. அதைப் பற்றி இப்போது ஒன்றும் பயமாக இல்லை. மகள் எழுந்து போனை அவர் கையில் கொடுத்தாள்.

"நான் ஆங்கிள மாத்துறேன், நீங்க வீடியோ எடுங்க. ஆட்டாம எடுக்கணும்."

அவர் தராசின் எண்ணும் இறக்கையும் ஒன்றாகத் தெரியும்படி போனைப் பிடித்தார். அந்த நேரத்தில், திறந்து கிடந்த மாடி ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்தது. ஃபேன் இழுத்த இழுப்பில் அது தரைக்கு இறங்கி, தொட்டியின் திறந்த வாய்க்குள் புகுந்து, பாலிதீனுக்கு அடியில் வெள்ளையாக நீண்டு வந்தது. முதல் பலகையைத் தொட்ட இடத்தில் இரண்டாகப் பிரிந்தது. மூன்று பலகைகளையும் ஒட்டிக்கொண்டே ஏறி, கடைசி விளிம்பைத் தாண்டியதும் ஒன்றாகச் சேர்ந்து மேலே வளைந்து போனது. சுவாதி ஸ்பேனரைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். லிங்கசாமி கை ஆடக்கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டார்.